இளமைத் துடிப்பு சரி, நடு வரிசை எங்கே?

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் கடைசியில், என்.எச்.எல். ஐஸ் ஹாக்கி சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஒரே மாதிரியான கட்டுரை ஒன்று தவறாமல் வந்துவிடும். அணியின் பெயர் மட்டும்தான் மாறும். மூன்று வருஷமாக அடி வாங்கிய அணி. இப்போது பத்தொன்பது வயதில் ஒரு மேதை, இருபதில் இன்னொருவன், கோல் வலைக்கு முன்னால் இருபத்திரண்டு வயதுப் பையன். இந்த முறை பாருங்கள், எல்லோரையும் அசத்தப் போகிறார்கள். சாராம்சம் இவ்வளவுதான். பெரும்பாலும் அந்த அணி அசத்துவதில்லை. அடுத்த செப்டம்பரில் அதே கட்டுரை, பையன்களுக்கு ஒரு வயது கூடி, மறுபடியும் வரும்.

இந்தக் கட்டுரைகள் மேல் எனக்கு ஒரு புகார் உண்டு. இளம் அணியின் வாய்ப்பை எடைபோடும்போது எல்லோரும் பட்டியலின் மேலே உள்ள மூன்று பெயர்களைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பட்டியலின் நடுவை. 25 வயதிலிருந்து 30 வயது வரை அந்த அணியில் யார் இருக்கிறார்கள், அவர்கள் இன்னும் எத்தனை வருஷம் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி. இந்தப் பதிவில் அதைத்தான் சொல்ல வருகிறேன்.

"ஐயா, உங்களுக்கும் ஐஸ் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு: வேலை நிமித்தம் சில குளிர்காலங்கள் சிம்லாவில் இருந்தேன். அங்கே 1920-லிருந்து திறந்தவெளியில் இயற்கைப் பனிக்கட்டியிலேயே ஒரு சறுக்கு மைதானம் இருக்கிறது. விடியற்காலையில் பிள்ளைகள் மட்டையோடு சறுக்குவதைப் பார்க்கப் போய்த் தொற்றிக்கொண்ட பழக்கம். அமெரிக்க மேற்குக் கரையில் இரவு ஏழு மணிக்கு ஆரம்பிக்கும் ஆட்டம் நமக்குக் காலை ஏழரை அல்லது எட்டரை. பிராஞ்சுக்குக் கிளம்புவதற்குள் முதல் பீரியட் பார்த்துவிடலாம். மீதி ஸ்கோர் மதியச் சாப்பாட்டு நேரத்தில். :-)

தெரியாதவர்களுக்கு விளையாட்டின் கணக்கு கொஞ்சம். 20 நிமிஷம் வீதம் மூன்று பீரியட். பனியில் ஒரு நேரத்தில் ஐந்து பேரும் ஒரு கோலியும். ஆனால் அன்றைக்கு உடை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பவர்கள் 18 ஆட்டக்காரர்கள், 2 கோலிகள். முழு வேகத்தில் ஒருவர் முக்கால் நிமிஷத்துக்கு மேல் சறுக்க முடியாது. மூச்சு வாங்கும், பெஞ்சுக்குத் திரும்பிவிடுவார், அடுத்த வரிசை குதிக்கும். ஜெயித்தால் 2 புள்ளி, கூடுதல் நேரத்தில் தோற்றால் 1. சீசனுக்கு 82 ஆட்டம் என்பதுதான் பல வருஷமாக இருந்துவந்த கணக்கு. நான் கீழே சொல்லும் புள்ளிகள் எல்லாம், ஒன்றைத் தவிர, அந்த 82-க்கானவை.

இதில்தான் என் வாதத்தின் மூலமே இருக்கிறது. கிரிக்கெட்டில் ஒரு மேதை இருந்தால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அவரே ஆடலாம். கூடைப்பந்தில் 48 நிமிஷத்தில் 40 நிமிஷம் ஒருவரே களத்தில் நிற்கலாம். ஐஸ் ஹாக்கியில் எப்பேர்ப்பட்ட முன்கள ஆட்டக்காரராக இருந்தாலும் 60 நிமிஷத்தில் 20 அல்லது 22 நிமிஷம். மீதி 38 நிமிஷம் அவர் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார். அந்த 38 நிமிஷத்தில் பனியில் இருப்பது யார்? சீசன் முன்னோட்டம் எழுதுபவர்கள் இதைக் கேட்பதே இல்லை.

சரி, கணக்கைப் பார்க்கலாம். இளம் ஆட்டக்காரர்களை அணிகள் டிராஃப்ட் மூலம் எடுக்கின்றன. பொதுவாகப் பதினெட்டு வயது. தோற்ற அணிக்கு முன்னுரிமை. அதற்குள் ஒரு லாட்டரி குலுக்கலும் உண்டு. அதாவது நிறையத் தோற்றால் நல்ல பையன் கிடைப்பான். முதல் ஒப்பந்தம் பதினெட்டு வயதுக்காரருக்கு மூன்று வருஷம், அடிப்படைச் சம்பளம் 2025 டிராஃப்ட் வரை பத்து லட்சம் டாலருக்கும் கீழேதான் இருந்தது. அணியின் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பதால் (2024-25-ல் 8.8 கோடி டாலர்) இந்த மலிவான மூன்று வருஷம் பெரிய சலுகை. அதனால்தான் நிர்வாகங்களுக்கு இந்த வழி மேல் இவ்வளவு ஆசை. கொஞ்ச நாள் தோற்போம், பையன்களைச் சேர்ப்போம், அவர்கள் வளர்ந்ததும் ஜெயிப்போம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எட்மண்டன் ஆயிலர்ஸ் இதைச் செய்து பார்த்த அணி. 2009-10-ல் 62 புள்ளியோடு லீக்கிலேயே கடைசி. 2010-ல் முதல் தேர்வாக டெய்லர் ஹால் வந்தார். அந்த அக்டோபரில் ஹால், ஜோர்டன் எபர்லி, மாக்னுஸ் பேயர்வி என்று மூன்று புதுமுகங்களைச் சேர்ந்தாற்போல் இறக்கினார்கள். ஊரே கொண்டாடியது. முடிவு? மறுபடியும் அதே 62 புள்ளி, மறுபடியும் கடைசி. 2011-ல் மறுபடியும் முதல் தேர்வு, ரையன் நியூஜென்ட்-ஹாப்கின்ஸ். 74 புள்ளி. 2012-ல் மூன்றாவது முறையாக முதல் தேர்வு, நெய்ல் யாகுபோவ். பிறகு சம்பளத் தகராறில் 48 ஆட்டமாகச் சுருங்கிய சீசனில் 45 புள்ளி. 2013-14-ல் 67. 2014-15-ல் திரும்பவும் 62! ஐந்து சீசன், மூன்று முதல் தேர்வுகள், தொடங்கிய இடத்துக்கே வந்து நின்றார்கள். முதலில் போட்ட அசல் அப்படியே இருக்கிறது, வட்டி பூஜ்யம்.

2015-ல் லாட்டரியில் நான்காவது முறையாக முதல் இடம் விழுந்தது. இந்த முறை கானர் மெக்டேவிட். இந்தத் தலைமுறையின் மிகப் பெரிய ஆட்டக்காரர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவர் வந்த முதல் வருஷம் என்ன ஆயிற்று? தோள்பட்டை எலும்பு முறிந்து 45 ஆட்டம்தான் ஆடினார். அணிக்கு 70 புள்ளி. அடுத்த வருஷம், 2016-17-ல், 103 புள்ளி. பத்து சீசன் இடைவெளிக்குப் பிறகு பிளேஆஃப்.

எல்லோரும் இதை மெக்டேவிட் கணக்கில் வரவு வைக்கிறார்கள். பாதி சரி, நூறு புள்ளி எடுத்து லீக்கிலேயே முதலாவதாக வந்தார். மீதிப் பாதியைப் பாருங்கள். கேம் டால்பட் என்ற கோலி 73 ஆட்டம் ஆடி 42 வெற்றி கொடுத்தார். அவரை டிராஃப்டில் யாருமே எடுத்ததில்லை. பேட்ரிக் மரூன், 28 வயதில், 27 கோல். தடுப்பாட்டத்துக்கு ஆடம் லார்சன். அந்த லார்சனை வாங்க அவர்கள் கொடுத்தது யாரை? முதன்முதலில் வந்த அதே டெய்லர் ஹாலை! நடுவில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆறு வருஷம் ஆகி, அந்த ஓட்டையை அடைக்க முதல் பொக்கிஷத்தையே விற்க வேண்டியதாயிற்று. ஹால் 2018-ல் நியூ ஜெர்சிக்காக ஆடி லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். ஆக, பையனிடம் குறை இல்லை.

அந்த ஆறு சீசனில் ஹாலுக்கு ஐந்து பயிற்சியாளர்கள் வாய்த்தார்கள். பதினெட்டு வயதில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு 24 வயதுக்குள் ஐந்து மேலதிகாரிகள், ஐந்து விதமான உத்தரவுகள். யாகுபோவ் கதை இன்னும் பரிதாபம். 2012-ல் உலகத்திலேயே முதல் தேர்வு. 2018-க்குள் என்.எச்.எல்.லிலேயே இல்லை, ரஷ்ய லீக்குக்குத் திரும்பிப் போய்விட்டார். திறமை போதவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். தப்பு செய்தால் பக்கத்தில் வந்து சரிசெய்ய ஒரு 28 வயதுக்காரர் கூட ஒழுங்காக இல்லாத இடத்தில் அந்தப் பையன் வளர வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எட்மண்டனுக்காவது மெக்டேவிட் கிடைத்தார். அவருக்காகவே தோற்றதாக ஊரே பேசிய அணி பஃபலோ சேபர்ஸ். 2014-15-ல் 54 புள்ளி, கடைசி இடம். அந்த மார்ச்சில் அரிசோனா அணி பஃபலோவுக்கே வந்து, கூடுதல் நேரத்தில் பஃபலோவைத் தோற்கடித்த கோலை உள்ளூர் ரசிகர்களில் ஒரு பகுதி எழுந்து நின்று கொண்டாடியது. சொந்த அணி தோற்றதற்குக் கைத்தட்டல்! லாட்டரியில் மெக்டேவிட் எட்மண்டனுக்குப் போக, பஃபலோவுக்கு இரண்டாவது தேர்வான ஜாக் ஐக்கல். அதற்கு முந்தைய வருஷ இரண்டாவது தேர்வு சாம் ரெய்ன்ஹார்ட் ஏற்கெனவே இருந்தார். 2015-ல் ரையன் ஓ'ரைலியை வாங்கினார்கள். தாளில் பிரமாதம்.

2018 ஏப்ரலில், இன்னொரு மோசமான சீசன் முடிந்தபோது, ஓ'ரைலி பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகப் பேசினார்: அந்த வருஷத்தில் பல தடவை விளையாட்டின் மீதிருந்த பிரியத்தையே இழந்ததாகவும், தோற்பது பரவாயில்லை என்ற மனநிலை அணிக்குள் வந்துவிட்டது என்றும். நேர்மையாகச் சொன்ன மனிதரை மூன்றே மாதத்தில் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பிவிட்டார்கள். 2019-ல் ஸ்டான்லி கோப்பை செயின்ட் லூயிஸுக்கு. பிளேஆஃப் சிறந்த ஆட்டக்காரர் ஓ'ரைலி. ஐக்கல் 2021-ல் வேகஸுக்குப் போனார், 2023-ல் கோப்பை. ரெய்ன்ஹார்ட் 2021-ல் ஃபுளோரிடாவுக்குப் போனார். 2024-ல் கோப்பை, ஏழாவது ஆட்டத்தில் வெற்றி கோலும் அவருடையதே. 2025-ல் மறுபடியும் கோப்பை. மூன்று பேரும் வெளியே போய் ஜெயித்தார்கள். பஃபலோவோ 2025 வரை தொடர்ந்து 14 சீசன் பிளேஆஃபே பார்க்கவில்லை. லீக் வரலாற்றில் அதுவரை யாருக்கும் அவ்வளவு நீண்ட வறட்சி கிடையாது.

தோல்வியை முதலீடு என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதைத்தான். முதலீட்டுக்குச் செலவு என்ன என்று எழுதினீர்களா? டிராஃப்டில் கிடைத்த பையனை சொத்துப் பக்கம் எழுதுகிறீர்கள். தோற்றுப் பழகிய மனசைப் பொறுப்புப் பக்கம் எழுத வேண்டாமா? பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக்கொடுப்பதுதான், இரண்டு பக்கமும் டேலி ஆக வேண்டும்.

இங்கே யாராவது "பிட்ஸ்பர்க்கை மறந்துவிட்டீர்களா?" என்று கேட்பார்கள். மறக்கவில்லை. பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் 2003-ல் ஃப்ளூரி, 2004-ல் மால்கின், 2005-ல் கிராஸ்பி, 2006-ல் ஸ்டால் என்று வரிசையாக முதல் இரண்டு இடங்களில் எடுத்த அணி. 2005-06-ல் 58 புள்ளி, 2006-07-ல் 105 புள்ளி. ஒரே வருஷத்தில் 47 கூடியது. 19 வயதில் கிராஸ்பி லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தார். இளம் அணி முன்னோட்டம் எழுதும் எல்லோருக்கும் இதுதான் வேதம்.

ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். 2005-06-லும் கிராஸ்பி இருந்தார், கூடவே வயதான நட்சத்திரங்களும் இருந்தார்கள். ஒரு பையன், சில பெரியவர்கள், நடுவில் காலி, 58 புள்ளி. அடுத்த வருஷம் மால்கினும் ஸ்டாலும் வந்தார்கள் என்பது உண்மை. அதே நேரத்தில் மலோன், ஓர்பிக், ஸ்குடேரி மாதிரி 26, 27 வயது ஆட்கள் தினசரி வேலையைச் சுமக்கத் தொடங்கியிருந்தார்கள். பிப்ரவரியில் 40 வயது கேரி ராபர்ட்ஸையும் கொண்டுவந்தார்கள்.

2009 இறுதிப்போட்டி, டெட்ராய்ட்டில் ஏழாவது ஆட்டம். இரண்டாவது பீரியடில் கிராஸ்பிக்கு முழங்காலில் அடி. அதற்குப் பிறகு ஏறக்குறைய முழு நேரமும் பெஞ்சில்தான். பிட்ஸ்பர்க் 2-1 என்று ஜெயித்தது. இரண்டு கோலும் மேக்ஸிம் டால்பட் அடித்தவை. டால்பட் 2002 டிராஃப்டில் 234-வது ஆள்! கோப்பையின் கதையில் முதல் தேர்வுகள் நான்கு பேரும் இருக்கிறார்கள்தான். ஆனால் கடைசி இரவில் கணக்கை முடித்தது எட்டாவது சுற்றில் எடுத்த ஆள்.

இதற்கு நேர் எதிர்த்திசையில் இன்னொரு சோதனையும் நடந்திருக்கிறது. 2017-ல் வேகஸ் கோல்டன் நைட்ஸ் என்ற புத்தம் புதிய அணி. 50 கோடி டாலர் நுழைவுக் கட்டணம். மற்ற 30 அணிகளும் தங்களுக்கு முக்கியமானவர்களைப் பாதுகாத்துக்கொண்ட பிறகு, மிச்சத்தில் ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளலாம் என்பது விதி. மேதை யாரும் கிடைக்கமாட்டார்கள். கிடைத்தது முழுக்க நடு வரிசை. மற்ற அணிகளில் இரண்டாவது, மூன்றாவது வரிசையில் ஆடிய 24 முதல் 30 வயது ஆட்கள், கூடவே பிட்ஸ்பர்க்கில் கோப்பை ஜெயித்த அனுபவசாலி கோலி ஃப்ளூரி. அந்தச் சீசனுக்கு முன்னால் வந்த முன்னோட்டங்களில் பெரும்பாலானவை இவர்களைக் கடைசி இடங்களில்தான் வைத்தன. இவர்கள் 109 புள்ளி எடுத்து, தங்கள் பிரிவில் முதலாவதாக வந்து, இறுதிப்போட்டி வரை போனார்கள். முந்தைய வருஷம் கொலம்பஸில் 6 கோல் அடித்த வில்லியம் கார்ல்சன் இங்கே 43 அடித்தார். 2023-ல் கோப்பை ஜெயித்தபோது அந்த முதல் வருஷ ஆட்கள் ஆறு பேர் அணியில் இருந்தார்கள்; பிளேஆஃப் சிறந்த ஆட்டக்காரர் மார்ஷஸோ அவர்களில் ஒருவர்.

ஒரு பக்கம் மேதைகள் உண்டு, நடு இல்லை, எட்மண்டன். இன்னொரு பக்கம் மேதை இல்லை, நடு மட்டும், வேகஸ். முதலாவதற்குப் பிளேஆஃப் போக ஏழு வருஷம். இரண்டாவதற்கு முதல் வருஷமே இறுதிப்போட்டி. வேகஸுக்குச் சாதகமான விதிகள் இருந்தன என்பது உண்மைதான். இருந்தாலும் இந்த வித்தியாசம் விதிகளால் மட்டும் வருவதில்லை.

நடு வரிசை என்றால் என்ன என்று எனக்குத் தெரியவந்தது வங்கியில். 2000-01-ல் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்து சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அதற்கு முன்னாலும் பின்னாலும் பல வருஷம் புது ஆள் எடுப்பு மிகக் குறைவு. பிறகு திடீரென்று எங்களை மாதிரி புரொபேஷனரி ஆபீசர்களைக் கூட்டம் கூட்டமாக எடுத்தார்கள். நான் சேர்ந்த பிராஞ்சில் ஒரு பக்கம் 52, 55 வயதுக்காரர்கள். மறு பக்கம் 24 வயதுக்காரர்கள். நடுவில் 35 வயதில் ஒருத்தர் கிடையாது. புதுப் பையன்கள் கம்ப்யூட்டரில் புலி. ஆனால் எந்த செக்கை இரண்டாவது தடவை பார்க்க வேண்டும், எந்தக் கஸ்டமர் லோன் கேட்கும்போது காரணத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறார் என்பதெல்லாம் சர்க்குலரில் வராது. பக்கத்து சீட்டில் நமக்குப் பத்து வருஷம் முன்னால் சேர்ந்த ஒருவர் இருந்தால், அவர் வேலை செய்வதைப் பார்த்தே வந்துவிடும். பெரியவர்கள் சொல்லித்தரத் தயார்தான். ஆனால் அவர்கள் ரிடையர்மென்ட் தேதியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். இளமைத் துடிப்புள்ள வங்கி என்று ஆண்டறிக்கையில் சராசரி வயதைப் போட்டுப் பெருமைப்படலாம். 25-ம் 55-ம் சேர்த்தால் சராசரி 40 வரும். ஆனால் 40 வயதில் ஒருத்தரும் இல்லை என்பதை அந்த எண் சொல்லாது.

இதே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சான் ஹோசே ஷார்க்ஸைப் பார்க்கலாம். இளம் அணி என்று சமீப வருஷங்களில் அதிகம் எழுதப்பட்ட அணிகளில் ஒன்று. 2023-24-ல் 47 புள்ளி, கடைசி. முதல் 11 ஆட்டத்தில் ஒரு வெற்றி கூட இல்லை, அதில் அடுத்தடுத்த இரண்டு ஆட்டத்தில் பத்துப் பத்து கோல் வாங்கினார்கள். 2024-ல் முதல் தேர்வு மேக்லின் செலிப்ரினி. 2023-ன் நான்காவது தேர்வு வில் ஸ்மித். நாஷ்வில்லில் இருந்து வாங்கிய இளம் கோலி யாரஸ்லாவ் அஸ்கரோவ். 2024-25-ல் செலிப்ரினி 18 வயதில் 70 ஆட்டத்தில் 63 புள்ளி எடுத்தார், அபாரம். அணி? 52 புள்ளி. மறுபடியும் கடைசி. 2025-ல் இரண்டாவது தேர்வாக மைக்கேல் மீசா.

அதே 2024-25 சீசனுக்குள் அவர்கள் விற்ற பட்டியலைப் பாருங்கள். 52 ஆட்டத்தில் 45 புள்ளி எடுத்திருந்த மிக்கேல் கிரான்லுண்ட், கோடி சீசி, ஜேக் வால்மன், ஃபேபியன் ஸெட்டர்லுண்ட், நிக்கோ ஸ்டர்ம், லூக் குனின், கோலிகளில் பிளாக்வுட், வானெசெக். எல்லாம் நடு வரிசை. பதிலுக்குப் பெரும்பாலும் எதிர்கால டிராஃப்ட் இடங்களும் இளைஞர்களும். ஸ்டர்மும் வானெசெக்கும் அந்த ஜூனிலேயே ஃபுளோரிடாவோடு கோப்பை வாங்கினார்கள். வால்மன் எதிரணியான எட்மண்டனில் அதே இறுதிப்போட்டியில் ஆடினார். அதாவது இந்த ஆட்கள் நல்ல அணிகளுக்குத் தேவைப்பட்டவர்கள். சான் ஹோசேவுக்கு மட்டும் தேவைப்படவில்லையா?

2025 கோடையில் நிர்வாகம் ஓட்டையைக் கவனித்தது. டிமிட்ரி ஓர்லோவ், ஜான் கிளிங்பெர்க், நிக் லெடி, ஜெஃப் ஸ்கின்னர் என்று அனுபவசாலிகளைக் கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் எல்லோரும் 33, 34 வயது. ஓர்லோவுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம், கிளிங்பெர்க்குக்கும் ஸ்கின்னருக்கும் ஒரே வருஷம். நம் பாஷையில் சொன்னால் டெபுடேஷனில் வந்தவர்கள். வேலையை ஒழுங்காகச் செய்வார்கள், வீடு வாடகைக்குத்தான் எடுப்பார்கள். செப்டம்பரில் கேரி பிரைஸின் ஒப்பந்தத்தையும் வாங்கினார்கள். 2022-க்குப் பிறகு ஆடாத கோலி, கணக்கில் மட்டும் 1.05 கோடி டாலர். சம்பளத்துக்கு உச்சவரம்பு இருப்பது போல் குறைந்தபட்ச வரம்பும் உண்டு. இளம் அணிகளின் கணக்குப் புத்தகத்தில் இப்படிப் பனியில் கால் வைக்காத பெயர்கள் வருவது சகஜம். முன்னோட்டம் படிப்பவர்கள் சம்பளத் தொகையைப் பார்த்து "செலவு செய்கிறார்கள்" என்று ஏமாறக் கூடாது.

செலிப்ரினி மாதிரி ஆட்டக்காரர் இருந்தால் அணி 52 புள்ளியிலேயே நிற்காது, ஏறத்தான் செய்யும். மெக்டேவிட் இருந்தும் ஏறியது, கிராஸ்பி இருந்தும் ஏறியது. ஏறிய பிறகு அங்கே நிற்குமா, பிளேஆஃபில் ஒரு சுற்றாவது தாண்டுமா என்பதை அவர் பெஞ்சில் இருக்கும் 38 நிமிஷம்தான் தீர்மானிக்கும். சான் ஹோசேவோ வேறு எந்த இளம் அணியோ, புது சீசனுக்கு முன்னால் நான் பார்ப்பது நான்கு விஷயம்:

1. 25 முதல் 29 வயதுக்குள், இன்னும் மூன்று வருஷமாவது ஒப்பந்தம் உள்ளவர்கள் எத்தனை பேர்? ஐந்துக்குக் கீழே என்றால் பிளேஆஃப் பேச்சை எடுக்கமாட்டேன்.

2. ஒரு கோல் முன்னிலை, கடைசி இரண்டு நிமிஷம், எதிரணி கோலியை வெளியே எடுத்துவிட்டு ஆறு பேரோடு வருகிறது. அப்போது பனியில் நிற்கப்போகும் ஐந்து பேரின் பெயரை உடனே சொல்ல முடிகிறதா?

3. முதல் கோலி இளைஞர் என்றால் இரண்டாவது கோலி யார்? அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் வரும். ஒருவரே எல்லாவற்றையும் ஆட முடியாது. பத்து கோல் வாங்கிய இரவுக்குப் பிறகு அந்தப் பையனோடு உட்கார்ந்து பேச ஓர் ஆள் வேண்டும்.

4. ஜனவரியில் அணி நடுநிலையில் இருந்தால் நிர்வாகம் என்ன செய்யும்? மறுபடியும் மார்ச்சுக்குள் நடு வரிசையை விற்குமா? போன மூன்று வருஷம் என்ன செய்தார்கள் என்று பார்த்தாலே பதில் தெரியும்.

இதில் கோல் எண்ணிக்கையோ டிராஃப்ட் இடமோ இல்லை என்பதைக் கவனியுங்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். அவை எல்லாக் கட்டுரையிலும் இருக்கின்றன.

"தோற்காமல் மேதையை எப்படிப் பெறுவது?" என்பது நியாயமான எதிர்க்கேள்வி. லீக்கே இதைக் கவனித்து விதியை மாற்றியிருக்கிறது. 2022-லிருந்து ஐந்து வருஷத்தில் ஓர் அணி இரண்டு தடவைக்கு மேல் லாட்டரியில் ஜெயிக்க முடியாது. ஆக, எட்மண்டன் மாதிரி நான்கு குலுக்கல் என்பது இனி கனவு. ஒன்றோ இரண்டோ மேதைகள்தான் கிடைப்பார்கள். அவர்களைச் சுற்றி என்ன கட்டுகிறோம் என்பதுதான் மிச்சம்.

ரசிகர்களிடம் ஒவ்வொரு செப்டம்பரிலும் பொறுமை கேட்கிறார்கள். டிக்கெட் வாங்கி வருபவன் பொறுமையாக இருக்கத் தயார்தான். ஆனால் டெபாசிட் வாங்கும்போது முதிர்வுத் தேதி போட்டுக் கொடுப்பது முறை. தேதி போடாத ரசீதை எந்தக் கவுண்டரிலும் யாரும் வாங்கமாட்டார்கள். பதினெட்டு வயதுப் பையன் தோளில் ஒரு நகரத்தின் பத்து வருஷ ஏக்கத்தை ஏற்றிவைத்துவிட்டு, அவனுக்குப் பக்கத்தில் நிற்க ஆள் போடாத நிர்வாகத்தைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும். அவன் 63 புள்ளி எடுத்துத் தன் பங்கைச் செய்துவிட்டான்.

உங்கள் அபிமான அணிப் பட்டியலை எடுத்து இந்த நான்கு கேள்வியையும் போட்டுப் பாருங்கள். எத்தனை தேறுகிறது என்று சொல்லுங்கள். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம்.

பி.கு: எட்மண்டன் 2024, 2025 என்று அடுத்தடுத்து இறுதிப்போட்டிக்கு வந்து இரண்டிலும் ஃபுளோரிடாவிடம் தோற்றது. 2011-ல் எடுத்த நியூஜென்ட்-ஹாப்கின்ஸ் அந்த இரண்டு தொடரிலும் ஆடினார். ஐந்து கோச், 62 புள்ளிகள், எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தங்கியவர். பதினெட்டு வயதில் மேதையாக வந்து, பொறுமையாக நடு வரிசையாகவே மாறிய மனிதர். அவருக்காகவாவது ஒரு கோப்பை கிடைக்க வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. :-)